பாரூர்ப் பெட்டியின் மௌன விரதம்

ராஜப்பன் பெட்டியை விடவில்லை. செக்யூரிட்டியும் விடவில்லை. இருவருக்கும் நடுவே சாக்குப் பை சரசரவென்று கிழிந்துகொண்டிருந்தது.

"விடுய்யா. உள்ள இருக்கறது உங்க கம்பெனிப் பெட்டிதான்."

"அதுக்குத்தான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றான் செக்யூரிட்டி கங்கப்பன். கர்நாடக எல்லையில் தளிப் பக்கத்து ஆள். கன்னடமும் தமிழும் ஒரே வாயில் குடித்தனம் நடத்தின. "நம்ம மால் வெளியில இருந்து உள்ள வருதுன்னா, அது மொதல்ல எப்டி வெளிய போச்சு? அத சொல்லு சாமி."

"வாங்கித்தான் மாட்டியிருக்குது. திருடியா மாட்டுவாங்க?"

"திருடினவனும் அதேதான் ஹேள்தானே. அப்டியே சொல்றான்."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. ஓசூர் சிப்காட்டின் பாதி லாரிகள் அந்த கேட்டுக்காகவே காத்திருப்பதுபோல ஒரு வரிசை. மேலே போர்டில் 'அபேத்யா கன்ட்ரோல்ஸ்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், 'நகல் எடுக்க முடியாது.'

ராஜப்பனுக்கு நகல் எடுக்கும் ஆசை எதுவும் இல்லை. அவனுக்கு வேண்டியது தண்ணீர்.

பாரூர் ஏரி வாய்க்கால் எட்டிப் பார்க்காத மேட்டு நிலம் அது. கிணறும் நிலமும் ஓசூரில் இருக்கும் ஒரு குடும்பத்துடையது. பத்திரம் ருக்மணியம்மாள் பெயரில். அறுவடைக்கு அறுவடை காரில் வந்து மூட்டை எண்ணிப் போவதும் அந்த அம்மாள்தான். புருஷனை ராஜப்பன் கண்ணால் பார்த்ததில்லை. போனில் ஒரு குரல், அவ்வளவுதான். 'ஓசூர் சார்' என்று பதிந்து வைத்திருந்தான். பயிர் மட்டும் ராஜப்பனுடையது, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு.

அந்தப் பயிர் இப்போது பால் பிடிக்கும் பருவம். முந்தாநாளிலிருந்து மோட்டார் ஓடவில்லை. கிணற்றில் தண்ணீர் தளதளவென்று நிற்கிறது; கம்பத்தில் கரண்டு வந்து போகிறது; நடுவில் இருக்கும் இந்த ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. இன்று சாயந்திரம் த்ரீ பேஸ் கரண்டு வரும்போதும் மோட்டார் ஓடாவிட்டால் கதிரெல்லாம் பதர்.

பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் பெட்டி மாட்டிய அன்றே ஓசூர் சார் போனில் சொல்லியிருந்தார்: "ராஜப்பா, அது இல்லாம மோட்டார் போடக் கூடாது. சீல் உடைஞ்சுதுன்னா கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். அப்புறம் நீ வேற நிலம் பாத்துக்க. கதைய வளர்க்காத, வேலையப் பாரு."

காலையிலிருந்து அவருக்கு அடித்து அடித்துப் பார்த்தான். மணி போகிறது, எடுக்கவில்லை. பகலில் என்றைக்குமே எடுக்க மாட்டார். அதனால்தான் வயர்மேன் மணிவேலை வைத்து, சீல் உடையாமல் பெட்டியை அப்படியே இறக்கி, சாக்கில் போட்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வந்து நிற்கிறான்.

கடைசியில் கங்கப்பனுக்குக் கை வலித்தது. விட்டான்.

"சரி போ. மொபைல இந்த லாக்கர்ல போடு. எம்.டி.யே வந்தாலும் இங்க போட்டுட்டுத்தான் உள்ள போவணும்." சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள். அவற்றில் ஒன்றின் உள்ளே ஏதோ ஒரு போன் கத்திக்கத்தி ஓய்ந்தது. பிறகு கங்கப்பன் ஒரு அட்டையை அவன் கழுத்தில் மாட்டினான். 'பார்வையாளர் ழ' என்றிருந்தது.

"என் பேரு ராஜப்பன்."

கங்கப்பன் பதறி அவன் வாயைப் பொத்தினான். "பேர் சொல்லபேடா. ஊரும் சொல்லாத. உள்ள யாரும் யார்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதான் செக்யூரிட்டி."

"உன் பேரு மட்டும் சட்டையில எழுதியிருக்குதே?"

"நான் கேட்டுக்கு வெளியில நிக்கறேன் சாமி."

*

சர்வீஸ் கவுன்டரில் ஒரு பெண். நீலக் கோட்டு, நீலத் தொப்பி, மூக்குவரை மாஸ்க். கண்கள் மட்டும்தான் பாக்கி. அந்தக் கண்கள் நல்ல கண்கள்.

"உக்காருங்கண்ணா. என்ன கம்ப்ளைன்ட்?"

"பேசாம கெடக்குதும்மா. சிவப்பு லைட்டு ஒண்ணு எரியுது, அவ்வளவுதான்."

அவள் பெட்டியில் ஒரு வயரைச் சொருகினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கண்கள் அகன்றன. அடுத்த நொடி கூரையில் சைரன் அலறியது. எங்கோ ஒரு இரும்புக் கதவு தடாலென்று விழுந்தது.

"அண்ணா" என்றாள் மெதுவாக, "நீங்க சிப்ப உடைக்கப் பாத்தீங்களா?"

"பெட்டியையே உடைக்கலியேம்மா."

"உள்ள கறுப்பா, நகம் பெருசுக்கு ஒரு சிப்பு இருக்கு. மோட்டார எப்போ ஓட்டணும், எப்போ நிறுத்தணும்னு அதுலதான் புரோகிராம். திருடறவங்க அதுக்குப் போற கரண்ட ஏத்தி எறக்கி ஆட்டுவாங்க. அதுக்குத் தலை சுத்தும். அந்த மயக்கத்துல உள்ள இருக்கறத உருவிடுவாங்க. அதனால யாராவது கரண்ட ஆட்டினா, சிப்பு உடனே வாயக் கட்டிக்கும். மௌன விரதம் மாதிரி. அப்புறம் கடவுளே வந்தாலும் பேசாது."

"எங்க ஊர்ல கரண்டு எப்பவுமே ஏறி எறங்கித்தாம்மா வரும்."

"எப்பவுமேவா?"

"வூட்ல பல்பு கண்ணடிக்கும். ஃபேன் ஒருக்கா ஓடும், ஒருக்கா ஒக்காந்துக்கும். பொறந்ததுல இருந்து அப்படித்தான்."

அவள் பாவமாகப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், கம்ப்யூட்டரில் தட்டினாள்: 'பிறந்ததிலிருந்து தாக்குதலில் ஈடுபட்டு வருவதாக ஒப்புக்கொள்கிறார்.'

"இப்படித்தான் போட முடியும்ணா. 'கரண்டு சரியில்ல'ன்னு போட அதுல எடமே இல்ல."

*

சைரன் அடித்தால் கொண்டுபோகும் நகல் தடுப்பு மன்றம் மாடியில் இருந்தது. குளுகுளுவென்ற நீண்ட அறை. வாசலில் ராஜப்பனுக்கும் கோட்டு, தொப்பி, மாஸ்க். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து போன சுருள் வயரைச் சுவரில் மாட்டினார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் பூமிக்குப் போகவாம். பாரூரில் கன்றுக்குட்டியைத்தான் இப்படிக் கட்டுவார்கள் என்று ராஜப்பன் நினைத்துக்கொண்டான்.

எதிரே இரண்டு பேர், அதே நீலத்தில். அவர்களும் சுவரில் கட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் நெஞ்சில் 'முதல் அதிகாரி', மற்றவர் நெஞ்சில் 'இரண்டாம் அதிகாரி'. பெயர் கிடையாது. முதல் அதிகாரி மைக்கைப் பிடித்தார். மூன்று பேர் இருந்த அறையில் அவர் குரல், மாஸ்க்கில் வடிகட்டி, மைக்கில் ஊதி, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவதுபோல எதிரொலித்தது.

"பார்வையாளர் ழ அவர்களே. இந்தச் சிப்புக்குள் ஒரு புரோகிராம் இருக்கிறது. அதை யாராலும் படிக்க முடியாது. போட்டிக் கம்பெனியால் முடியாது. வாடிக்கையாளரால் முடியாது. சில வருடங்களாக எங்களாலும் முடியாது. இப்படி ஒரு பாதுகாப்பை வேறு எந்த நிறுவனமாவது காட்டட்டும்."

"உங்களாலயுமாங்க?"

"எழுதிய இன்ஜினீயர் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்வேர்டைச் சொல்ல வந்தார். மன்றத்துக்கு வெளியே, வராந்தாவில் நின்று சொல்ல வந்தார். விதிமீறல். தடுத்துவிட்டோம்."

இரண்டாம் அதிகாரி பெருமூச்சு விட்டார். மாஸ்க் ஒருமுறை உப்பி அடங்கியது.

"அது மட்டுமல்ல" என்று தொடர்ந்தார் முதல் அதிகாரி. "சிப்பின் முதுகில் அதன் பெயரும் நம்பரும் அச்சடித்திருக்கும். வந்து இறங்கியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்துவிடுகிறோம். நாங்கள் வாங்குவது எந்தச் சிப் என்று எதிரிக்குத் தெரியாது."

"ஸ்டோர்ஸுக்கும் தெரியாது, சார்" என்றார் இரண்டாம் அதிகாரி. "மறுபடி ஆர்டர் போடணும்னா என்ன பேர் போடறதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஸ்டோர்ஸும் ஒருநாள் எதிரியாகலாம்."

"அப்போ புதுப் பெட்டி எப்படிங்க செய்யறீங்க?" என்று கேட்டான் ராஜப்பன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

முதல் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "செய்வதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். நாங்கள் பாதுகாக்கிறோம். கதையை வளர்க்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் மட்டும்."

'சார்' என்று யாரைக் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள் என்று ராஜப்பன் நினைத்தான்.

"உங்களோடு இதில் ஈடுபட்டவர்கள் எத்தனை பேர்?"

"எதுலங்க?"

"கரண்டை ஆட்டுவதில்."

"நான் ஆட்டலீங்க. அது தானா ஆடுது. எங்க லைன்ல இருக்கற அத்தன கெணத்துலயும் ஆடுது."

"அத்தனை கிணறுகளிலும் ஒரே நேரத்தில்?"

"ஆமாங்க. ரைஸ் மில்லு போட்டாங்கன்னா எல்லாருக்கும் ஒண்ணா எறங்கும்."

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருங்கிணைந்த தாக்குதல்" என்று இரண்டாம் அதிகாரி முணுமுணுத்தார். "ரைஸ் மில் மறைவில்."

"வெளிநாட்டில் இதற்கென்று தனி லேப் வைத்திருக்கிறார்கள், பார்வையாளர் ழ" என்றார் முதல் அதிகாரி. "படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை. அதை நீங்கள் வயக்காட்டில் செய்திருக்கிறீர்கள்."

"சார், எனக்கு நெல்லுக்குத் தண்ணி—"

"வேறு என்னென்ன முறைகள் தெரியும்?" என்று இரண்டாம் அதிகாரி குறுக்கிட்டார். "சிப்பின் பூட்டைத் தாண்ட உங்கள் பக்கத்தில் என்னென்ன வழிகள் வைத்திருக்கிறீர்கள்? ஒத்துழைத்தால் உங்கள் மோட்டார் விஷயம் பரிசீலிக்கப்படும்."

மோட்டார். அந்த மன்றத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்கிறார்.

ராஜப்பன் ஜன்னலைப் பார்த்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. உண்மையைச் சொன்னேன், தாக்குதல் என்று எழுதிக்கொண்டார்கள். இனி எதைச் சொன்னால் என்ன? பாரூர் டீக்கடையில் தெரியாத விஷயத்துக்கு யோசனை சொல்லாதவன் ஒருவனும் கிடையாது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மொத வழி, வெத நெல்லு வழிங்க. சிப்ப ஒரு பொழுது தண்ணில ஊறப் போடணும். அப்புறம் எடுத்து ஈரச் சாக்குல கட்டி, மேல வைக்கோலப் போட்டு, ஒரு கல்லத் தூக்கி வெச்சிடணும். உள்ள சூடு ஏற ஏற, தானா வாயத் தொறந்துடும். மொளைக்காம எங்க போவப் போவுது?"

இரண்டாம் அதிகாரியின் விரல்கள் கீபோர்டில் ஓடின. முதல் அதிகாரி மைக்கில் கேட்டார்: "நம் வளாகத்தில் வைக்கோல் இருக்கிறதா?"

"எம்.டி. வீட்டிலிருந்து வந்த மாம்பழப் பெட்டிகளில் இருக்கிறது, சார்."

"பெட்டிகளைப் பறிமுதல் செய்யுங்கள். பழங்கள் சாட்சிகளாக இருக்கட்டும்."

"அழுகிவிடும், சார்."

"அழுகுமுன் விசாரியுங்கள்."

ராஜப்பனுக்கு லேசாக உற்சாகம் பிறந்தது. "ரெண்டாவது, சிப்புகிட்ட நேரா கேக்கவே கூடாதுங்க. கேட்டா சொல்லாது. பக்கத்துல இருக்கற சிப்புகிட்டக் கேக்கணும். எங்க ஊர்ல ஒருத்தர் வூட்டு விஷயம் அவங்களுக்குப் பாதிதான் தெரியும். பக்கத்து வூட்டுக்குத்தான் முழுசாத் தெரியும்."

இரண்டாம் அதிகாரியின் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த பகுதி வெளுத்தது. "சார், இது உண்மையிலேயே ஒரு முறை. புத்தகத்தில் இருக்கிறது. சிப்பை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தை ஒட்டுக்கேட்பது."

"உடனே உத்தரவு போடுங்கள். இனி எந்தச் சிப்பும் இன்னொரு சிப்பின் அருகில் இருக்கக் கூடாது. தனித்தனி அறை."

"ஒரே போர்டில் இருக்கும் சிப்புகளை, சார்?"

"அவற்றைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்."

கீழே உற்பத்திப் பிரிவில் ஏதோ ஒரு பெல்ட் நின்றுபோகும் சத்தம் கேட்டது.

"மூணாவதுங்க," ராஜப்பன் இப்போது கால் மேல் கால் போட்டிருந்தான், சுருள் வயர் இடம் கொடுத்த அளவுக்கு. "கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க. நல்லா உபசாரம் பண்ணுங்க. எலை போட்டு, எல்லாம் வெச்சு, பாயசம் அதுகிட்ட வர்ற நேரத்துல 'தீந்துபோச்சு'ன்னு சொல்லிப் பாருங்க. எப்பேர்ப்பட்ட வாயா இருந்தாலும் மூணு தலைமொறைக் கதையக் கொட்டிரும். மாப்பிள்ளை வூட்டாரு பேச்ச நிறுத்த நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"பாயசம்..." என்று தட்டிக்கொண்டே வந்த இரண்டாம் அதிகாரி தயங்கினார். "கேன்டீனில் வெள்ளிக்கிழமை பாயசம் உண்டு, சார்."

"நிறுத்துங்கள். அல்லது எல்லோருக்கும் போதுமான அளவு என்று எழுத்தில் வாங்குங்கள்."

முதல் அதிகாரி எழுந்து நின்றார்.

"பார்வையாளர் ழ, உங்களைப் போன்ற ஒருவருக்காக இந்த மன்றம் வருடக்கணக்கில் காத்திருந்தது. சிப்பை யாரும் திருட வரவில்லையே என்று நிர்வாகம் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தது. பூட்டு நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்றோம். பொருள் நன்றாக இல்லாததால் வரவில்லையோ என்று ஒரு டைரக்டர் கேட்டார். கூட்டத்திலேயே கேட்டார். இன்று நீங்கள் வந்தீர்கள். எங்களையும் ஒருவன் திருட நினைத்தான் என்று இனி தலைநிமிர்ந்து சொல்லலாம். நன்றி."

இரண்டாம் அதிகாரி கை தட்டினார். ராஜப்பனும் தட்டினான். பிறகு கேட்டான்: "அப்போ மோட்டாருங்க?"

"எது?"

"மோட்டாரு. சாயந்திரம் தண்ணி விடலேன்னா நெல்லு போயிடுங்க."

"ஆம். தீர்ப்பு." முதல் அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்தார். "பெட்டி சாட்சியாக இங்கேயே இருக்கும். சிப்பின் மௌனம் கலைக்கப்படாது. மேலும், இந்தப் பெட்டி எந்த மோட்டாரில் மாட்டியிருந்ததோ, அந்த மோட்டார் எந்த நிலத்தில் நிற்கிறதோ, அதன் உரிமையாளர்தான் மூளை. நீங்கள் வெறும் கை. அந்த உரிமையாளர் யாராக இருந்தாலும் ஆயுள் முழுக்க அபேத்யாவின் எதிரி. அவர் நிழல்கூட இந்த கேட்டுக்குள் விழக் கூடாது."

"அவரு பேரு வேணுங்களா? வூட்டம்மா பேரு தெரியும். அவரு போன் நம்பரும் லாக்கர்ல இருக்குது."

"பெயர் கூடாது" என்றார்கள் இரண்டு அதிகாரிகளும் ஒரே குரலில். "பெட்டி நம்பரை வைத்துக் கண்டுபிடிப்போம்."

இரண்டாம் அதிகாரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். நம்பர் இருந்த இடம் பளபளவென்று இருந்தது.

"தேய்த்துவிட்டோம், சார்" என்றார்.

*

கேட்டில் கங்கப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "ஏனாயித்து? ஆச்சா வேல?"

"என்னைப் பெரிய ஆளுன்னு சொன்னாங்க. பெட்டியப் புடுங்கிக்கினாங்க."

"எல்லாருக்கும் அதேதான்" என்றான் கங்கப்பன். பிறகு குரலை இறக்கி, "ஊர்ல பயிர் இருக்கா? பாவம் சாமி."

போனில் செல்லியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திரும்ப அடித்தான்.

"எங்கய்யா போயி தொலஞ்ச?" என்றாள் அவன் மனைவி. "த்ரீ பேஸ் வந்துடுச்சு. மணிவேல் அண்ணன் கெணத்து மேட்டுல குந்திக்கினு இருக்குது. பெட்டி வருதா இல்லியா? மேக்கால மூலைல கதிரு நுனி வெள்ளையாவுது. தொட்டா சருகு மாதிரி இருக்குது."

"பெட்டி வராது, செல்லி."

அழவில்லை அவள், அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

ராஜப்பன் ரோட்டோரம் புங்கமரத்தடியில் போய் நின்றான். பச்சைப் பொத்தான் அங்கே இருக்கிறது. மணிவேல் அங்கே இருக்கிறான். அமுக்கச் சொன்னால் பயிர் பிழைக்கும், நிலம் போகும். சொல்லாவிட்டால் நிலம் இருக்கும், பயிர் போகும். பயிர் போன நிலத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

உள்ளே ஷிப்ட் பெல் அடித்தது. நீலக் கோட்டுகளைக் கழற்றிவிட்டு ஆட்கள் லாக்கர் பக்கம் வர ஆரம்பித்தார்கள். சற்று நேரத்தில் அவன் போன் அடித்தது.

ஓசூர் சார்.

"என்ன ராஜப்பா, இத்தன மிஸ்டு கால்? எவன் செத்தான்?"

"சார், ஆட்டோ பெட்டி வாயக் கட்டிக்கிச்சு சார். முந்தாநாள்லேர்ந்து தண்ணி இல்ல. ரிப்பேருக்குக் குடுத்த பெட்டி திரும்பி வரல. த்ரீ பேஸ் இருக்குது, நெல்லு காயுது. நீங்க சொல்லாம நான் எதையும் தொடல சார்."

"அட, அந்த டப்பாவுக்கா இவ்வளவு? போனா தொலையட்டும் விடு. மெயின ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, பெட்டிக்குப் போயிக்கிட்டிருந்த ரெண்டு கன்ட்ரோல் ஒயரையும் மணிவேல ஒண்ணா முறுக்கி டேப்பு போடச் சொல்லு. அப்புறம் மெயினப் போட்டு பச்சை பட்டன அமுக்கு. ஓடும். வேற ஒரு மண்ணும் வேணாம்."

"கேஸ் போடுவாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுய்யா. நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு மாட்டி போட்டோ அனுப்பணும்னு ஆர்டர், அதுக்காக மாட்டினது. நம்ம வீட்டு போர்வெல்லயே மறுநாள் கழட்டி வீசிட்டேன். நல்லதா வேணும்னா கோயமுத்தூர் மாடல் ஒண்ணு வாங்கித் தர்றேன். கதைய வளர்க்காத, மொதல்ல தண்ணிய விடு."

ராஜப்பன் செல்லியைக் கூப்பிட்டான். செல்லி மணிவேலைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "முறுக்கியாச்சு" என்றது மணிவேலின் குரல். பிறகு ஒரு உறுமல், ஒரு இருமல், அதன்பின் கொடகொடவென்று குழாய் தொட்டியில் கொட்டும் ஓசை. செல்லி போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். ராஜப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஓசூரில் நின்றிருந்த அவன் பாதம் பாரூரில் நனைந்தது.

"மேக்கால மூலைக்கு மொதல்ல திருப்பு" என்றான்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் செல்லி. வைத்துவிட்டாள்.

கழுத்தில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்க கேட்டுக்கு வந்தான். ஸ்கூட்டர்களும் கார்களும் வெளியே வழிந்தன. லாக்கர் சுவருக்கு முன்னால் ஒருவர் முதுகைக் காட்டி நின்று, தாடைக்குக் கீழே மாஸ்க் தொங்க, போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். கங்கப்பன் விறைத்து சல்யூட் அடித்தான். "ஹோகி பர்த்தீரா, போயிட்டு வர்றீங்களா பாஸ்கரன் சார்? கார் ரெடி."

ராஜப்பனின் போன் அடித்தது. எடுத்தான்.

"என்ன, ஓடுச்சா?" என்றது ஓசூர் சாரின் குரல்.

இடது காதில் போனிலிருந்து கேட்டது. வலது காதில் லாக்கர் பக்கத்திலிருந்து கேட்டது. இரண்டும் ஒரே குரல். மைக் இல்லை, எதிரொலி இல்லை. அந்த முதுகில் மாட்டியிருந்த நீலக் கோட்டு இன்னும் கழற்றப்படவில்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் நெஞ்சிலிருந்த பட்டை தெரிந்தது: 'முதல் அதிகாரி'.

"யோவ், கேக்குதா? ஓடுச்சா, இல்லியா?"

ராஜப்பன் அட்டையை நேராக்கிக்கொண்டான்.

"நல்லா ஓடுதுங்க சார். நான் பார்வையாளர் ழ பேசறேன். உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கறேன்."